முள்ளைப் பாருங்க, சம்பந்தி

டிரைவரம்மா: தலையை ஆட்டாதீங்க சம்பந்தி. டேப் மூக்குல ஒட்டிக்கப் போகுது.

டெய்லர்: நீங்க முதல்ல கையை எடுங்க. முப்பத்தெட்டு வருஷமா சட்டைக்கு பட்டன் வெச்சவன் நான். ஒரு கண்ணாடில ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டத் தெரியாதா எனக்கு?

டிரைவரம்மா: தெரியாம என்ன! போன மாசம் பேத்தி கவுனுக்கு ரெண்டு வலது கை வெச்சுத் தைச்ச ஆளாச்சே.

டெய்லர்: அது... புது மாடல்.

டிரைவரம்மா: குழந்தை அதைப் போட்டுக்கிட்டு நடந்தா யாருக்கோ வழி காட்டிட்டே போற மாதிரி இருந்துச்சு.

டெய்லர்: சிரிங்க, சிரிங்க. அவ எனக்கும் பேத்திதான். நீங்க டீயில உப்பு போட்டுக் குடிக்கிற கதை எனக்கும் வந்து சேர்ந்தாச்சு.

டிரைவரம்மா: உப்பு உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்.

டெய்லர்: எந்த டாக்டர்?

டிரைவரம்மா: ...டப்பா ரெண்டும் ஒரே நிறம். மேல எழுதியிருக்கிற எழுத்து எறும்பு மாதிரி இருக்கு.

டெய்லர்: உங்களுக்கு எறும்பாவது தெரியுதே.

டிரைவரம்மா: சரி, காட்டுங்க. இதுவா அந்த ஓட்டை? எங்க இருக்கு? எனக்கு டேப் மட்டும்தான் தெரியுது.

டெய்லர்: சின்ன ஊசியால குத்தினது. கண்ணுக்கு நேரா வரணும். மூணு நாளா, கண்ணாடி முன்னாடி நின்னு குத்தியிருக்கேன். முதல் ஓட்டை புருவத்துக்கு நேரா போயிடுச்சு.

டிரைவரம்மா: அந்த ஓட்டை வழியா பார்த்தா?

டெய்லர்: வெளிச்சம் கொஞ்சம் கம்மியாகும். ஆனா துப்பாக்கியோட பின்பக்கப் பள்ளம், குழல் நுனியில நிக்கிற முள்ளு, அங்க அட்டையில இருக்கிற கறுப்பு வட்டம்... மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாம வரிசையில நிக்குது. ரேஷன் வாங்க வந்த நல்ல ஜனங்க மாதிரி.

டிரைவரம்மா: இந்தத் துப்பாக்கி கிளப்புக்கு வந்த புதுசுல ஓட்டை இல்லாமலே நின்னுச்சே.

டெய்லர்: எங்க நின்னுச்சு? கண்ணு அப்பவும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் பார்த்துச்சு. பள்ளத்துக்கும் முள்ளுக்கும் வட்டத்துக்கும் ஓடி ஓடிப் பார்த்துச்சு. ஓடுறது நமக்குத் தெரியல. இப்ப அது ஓட மாட்டேங்குது, உட்கார்ந்துடுது.

டிரைவரம்மா: என் முட்டி மாதிரி.

டெய்லர்: அதேதான். நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? புதுக் கண்ணாடியா தெரியுதே.

டிரைவரம்மா: உங்க பொண்ணு சொல்லலையா?

டெய்லர்: கடை விஷயத்தை வீட்ல பேச மாட்டா. உங்க மருமக ஆனதுல இருந்து ரொம்ப நியாயமா நடந்துக்கறா.

டிரைவரம்மா: அவ கண்ணாடிக் கடைக்கு நான் தரை துடைக்கிற குச்சியோட போனேன்.

டெய்லர்: எதுக்கு? கடையைப் பெருக்கவா?

டிரைவரம்மா: துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு தெருவுல போக முடியுமா? அதான், கண்ணுல இருந்து முள்ளு வரைக்கும் எவ்வளவு தூரமோ, அந்த அளவுக்குக் குச்சியை அறுத்து எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக்குள்ள நின்னு தோள்ல வெச்சேன், கன்னத்தைச் சாய்ச்சேன், குறி பார்த்தேன். ஒரு கஸ்டமர் ரெண்டு கையையும் தூக்கிட்டார்.

டெய்லர்: ஐயோ...

டிரைவரம்மா: "பஸ் போர்டு படிக்க வேண்டாம்மா, பேப்பர் படிக்க வேண்டாம், இந்தக் குச்சி நுனி மட்டும் தெரிஞ்சா போதும்"னேன். அவ அளந்து பார்த்துட்டு, "அத்தை, இதைப் போட்டா அந்த நுனியைத் தவிர உலகத்துல வேற எதுவுமே ஒழுங்கா தெரியாது"ன்னா. "வண்டி ஓட்டியே உலகத்தை நான் நிறைய பார்த்தாச்சு, நீ போடு"ன்னேன்.

டெய்லர்: இப்ப நான் எப்படித் தெரியறேன்?

டிரைவரம்மா: இருங்க, போட்டுப் பார்க்குறேன்... அடேயப்பா. ரொம்ப அழகா இருக்கீங்க.

டெய்லர்: அவ்வளவு மங்கலா இருக்கா!

வாத்தியார்: இங்க என்ன, பேச்சுப் போட்டி நடக்குதா? நாலாம் லேன், அஞ்சாம் லேன், ரெண்டு பேரும் தயாரா?

டிரைவரம்மா: வாங்க வாத்தியாரே. பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் கொடுத்தது போதாதுன்னு இங்க வந்து எங்க ஓட்டையை எண்ணுறீங்க.

வாத்தியார்: எண்ணுறவன் எங்க இருந்தாலும் எண்ணுவான். அது என்ன சார் கண்ணுல? கடற்கொள்ளைக்காரன் மாதிரி?

டெய்லர்: விதியில இடம் இருக்கு. கண்ணாடி போடலாம், டேப் ஒட்டலாம். துப்பாக்கிமேல எதுவும் மாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

வாத்தியார்: நான் எதுவும் சொல்லலையே. எனக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வயசு அறுபத்தாறு. இன்னி வரைக்கும் இந்த மூக்குமேல கண்ணாடி ஏறினதில்ல.

டிரைவரம்மா: ஏற இடம் இருக்கு. நல்ல பெரிய மூக்குதான்.

வாத்தியார்: ம். இந்தாங்க, விதிமுறைத் தாள். இன்னிக்கு நீங்களே படிச்சிடுங்க.

டெய்லர்: நீங்கதானே ஒவ்வொரு வருஷமும் சத்தம் போட்டுப் படிப்பீங்க?

வாத்தியார்: தொண்டை சரியில்ல.

டிரைவரம்மா: கொடுங்க, நான் படிக்கிறேன்... சம்பந்தி, இதைக் கொஞ்சம் பிடிங்க. பின்னாடி போங்க. இன்னும் போங்க. இன்னும்...

டெய்லர்: இதுக்கு மேல போனா ரோடு வந்துடும்.

டிரைவரம்மா: நில்லுங்க! ம்... "அறுபது வயசு தாண்டி, டெலஸ்கோப் இல்லாம, வெறும் முள் வைத்துச் சுடுகிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பத்துக் குண்டுகளில் நூற்றுக்கு எண்பது எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் மறுவாரம் முதல் டெலஸ்கோப் பிரிவில், புதன்கிழமைகளில்..." போதும், மடிங்க. மிச்சம் எனக்குத் தெரியும்.

டெய்லர்: எந்தக் கிழமை வேணும்னாலும் வரேன், புதன்கிழமை மட்டும் வேண்டாம்.

டிரைவரம்மா: புதன்கிழமை ஆளுங்க சிரிக்கவே மாட்டாங்களாம். ஆளுக்கொரு டெலஸ்கோப், ஆளுக்கொரு பெட்டி. டீயைக்கூட மெஷின்தான் கொடுக்குமாம்.

வாத்தியார்: ரெண்டு பேருக்கும் எண்பது வந்தா, வழக்கம்போல ஞாயிறு. அடுத்த மாசம் ஜோடிப் போட்டிக்கும் உங்க பேரை அனுப்புறேன். ஒருத்தருக்குக் குறைஞ்சாலும் ஜோடி கிடையாது. புரியுதா?

டெய்லர்: இருபத்திரண்டு வருஷமா புரிஞ்சுட்டு இருக்கு. இந்தம்மா பக்கத்து லேன்ல வந்து நின்னு, "உங்க முழங்கை ஆடுது"ன்னு சொன்ன நாள்ல இருந்து.

டிரைவரம்மா: ஆடுச்சே.

டெய்லர்: ஆடுச்சுதான். அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை. நம்ம பிள்ளைங்க வந்து நடுவுல கல்யாணம் பண்ணிக்கிட்டு நிறுத்த வேண்டியதாயிடுச்சு.

வாத்தியார்: அட்டைப் பெட்டி ரெண்டையும் பத்து மீட்டர்ல மாட்டியாச்சு. ஆளுக்குப் பத்து குண்டு. நேரம் இருபது நிமிஷம். நான் பின்னாடி நிக்கிறேன். பேசக் கூடாது.

டிரைவரம்மா: முணுமுணுக்கலாமா?

வாத்தியார்: ...அது உங்களால நிறுத்த முடியுமா?

*

டெய்லர்: எத்தனை ஆச்சு?

டிரைவரம்மா: மூணு. வட்டம் சுத்தமா கரைஞ்சு போச்சு சம்பந்தி. முள்ளு மட்டும் நிக்குது.

டெய்லர்: அப்படியே விடுங்க. வட்டம் மங்கினா மங்கட்டும். முள்ளு கூர்மையா இருந்தா போதும். எனக்கு அந்த வட்டம் எப்படித் தெரியுது தெரியுமா? மழையில ரயில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் விளக்கு போகுமே... அப்படி. இறங்கிப் போய் அங்க யார் நிக்கிறாங்கன்னு பார்க்கலாம் போல இருக்கு.

டிரைவரம்மா: இறங்காதீங்க. சுடுங்க.

வாத்தியார்: பேச்சு!

டிரைவரம்மா: மூச்சு விட்டேன் வாத்தியாரே. என் மூச்சு கொஞ்சம் நீளம்.

டெய்லர்: ...ரொம்ப நேரம் உத்துப் பார்க்காதீங்க. ஆறு எண்ணுறதுக்குள்ள போகலைன்னா துப்பாக்கியை இறக்கிடுங்க. ஜன்னல் வழியா அந்த மரத்தைப் பாருங்க. திரும்ப ஏத்துங்க.

டிரைவரம்மா: தெரியும். நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே சொல்லிக் கொடுக்கறீங்க. முள்ளுக்கு மெழுகுவத்திப் புகை காட்டினீங்களா?

டெய்லர்: காட்டினேன். மை வெச்ச கண்ணு மாதிரி இருக்கு. துளி பளபளப்பு இல்ல.

டிரைவரம்மா: வீட்ல வெறும் துப்பாக்கியில பழகினீங்களா?

டெய்லர்: தினமும் இருபது நிமிஷம். சுவர்ல ஒரு கோட்டு பட்டனை ஒட்டி வெச்சுக் குறி பார்க்குறேன். குண்டு கிடையாது, விசையை அழுத்துறது மட்டும். பேத்தி வந்து, "தாத்தா, பட்டன் செத்துடுச்சா?"ன்னு கேட்டா.

டிரைவரம்மா: என்ன சொன்னீங்க?

டெய்லர்: "இல்லடா, பயந்து போய் இருக்கு"ன்னேன்.

வாத்தியார்: டெய்லரே!

டெய்லர்: சரி, சுடுறேன்... ஆறு... ஏழு... எட்டு ஆச்சு எனக்கு.

டிரைவரம்மா: எனக்கும்.

டெய்லர்: எப்படிப் போகுது உங்களுக்கு?

டிரைவரம்மா: பிரமாதம். உங்களுக்கு?

டெய்லர்: அதைவிடப் பிரமாதம்.

டிரைவரம்மா: ...ஏன் சம்பந்தி இந்தப் பக்கம் சாயுறீங்க?

டெய்லர்: முதுகு. நீங்க ஏன் சாயுறீங்க?

டிரைவரம்மா: எனக்கும் முதுகுதான்.

வாத்தியார்: நேரம் முடிஞ்சது! துப்பாக்கியைக் கீழ வைங்க. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. பெட்டியை நான் உள்ள எடுத்துட்டுப் போறேன். யாரும் என் ரூமுக்கு வரக் கூடாது.

*

டெய்லர்: டீ எடுங்க.

டிரைவரம்மா: சர்க்கரையா, உப்பா?

டெய்லர்: நான் போட்டேன். தைரியமா குடிங்க... ஏன், அவர் கதவைச் சாத்திக்கிட்டார்?

டிரைவரம்மா: என்னமோ. முன்னெல்லாம் இங்கயே, நம்ம கண்ணு முன்னாடி, பென்சிலால தொட்டுத் தொட்டு எண்ணிட்டுப் போவார். இருபது ஓட்டையை எண்ண கால் மணி நேரமா?

டெய்லர்: வாத்தியார் புத்தி. ரெண்டு தடவை கூட்டிப் பார்ப்பார்.

டிரைவரம்மா: சம்பந்தி... ஒருவேளை வரலைன்னா?

டெய்லர்: யாருக்கு வரலைன்னா?

டிரைவரம்மா: யாருக்கோ.

டெய்லர்: உங்களுக்கு வந்துடும். நிச்சயமா வந்துடும்.

டிரைவரம்மா: எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?

டெய்லர்: ஒரு... நம்பிக்கைதான். உங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?

டிரைவரம்மா: நிறைய. இன்னிக்குக் காலையில இருந்து ரொம்ப நிறைய.

வாத்தியார்: உட்காருங்க, உட்காருங்க. மார்க் சொல்றேன். நாலாம் லேன், டிரைவரம்மா... எண்பத்திரண்டு.

டெய்லர்: சொன்னேனா இல்லையா!

வாத்தியார்: அஞ்சாம் லேன், டெய்லர்... எண்பத்தொண்ணு.

டிரைவரம்மா: அப்படிப் போடுங்க! சம்பந்தி, கையைக் கொடுங்க. இந்தக் கை இல்ல, டீ சிந்துது. புதன்கிழமைக்காரங்களே, உங்க மெஷினை நீங்களே வெச்சுக்கங்க!

வாத்தியார்: நான் இன்னும் முடிக்கல.

டெய்லர்: இன்னும் என்ன?

வாத்தியார்: பெட்டியில முன்னாடி ஒரு அட்டை, ஒரு சாண் தள்ளிப் பின்னாடி ஒரு அட்டை. ஒரே ஓட்டையில ரெண்டு குண்டு போச்சான்னு சந்தேகம் வந்தா பார்க்குறதுக்குப் பின் அட்டை.

டிரைவரம்மா: அதைத்தான் எப்பவுமே யாரும் பார்க்க மாட்டாங்களே!

வாத்தியார்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

டிரைவரம்மா: ...பொதுவா சொன்னேன்.

வாத்தியார்: நேரா நின்னு சுட்டா, முன் ஓட்டையும் பின் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கும். பக்கத்து லேன்ல நின்னு சுட்டா குண்டு சாய்ஞ்சு வரும். பின் ஓட்டை ரெண்டு விரல் அகலம் தள்ளிப் போயிடும். டிரைவரம்மா அட்டையில எட்டு நேர். ரெண்டு சாய்வு. டெய்லர் அட்டையிலயும் எட்டு நேர். ரெண்டு சாய்வு.

டெய்லர்: ...காத்தா இருக்கும்.

வாத்தியார்: நாலு சுவருக்குள்ள காத்தா?

டெய்லர்: ஃபேன் காத்து.

வாத்தியார்: கரண்டே இல்ல. ஜன்னல் வெளிச்சத்துலதான் சுட்டீங்க.

டிரைவரம்மா: வாத்தியாரே, அவரை விட்டுடுங்க. அவர் அட்டையில சாய்ஞ்சு விழுந்த ரெண்டும் என்னுது. நான் சுட்டேன்.

வாத்தியார்: கண்ணு தெரியாமலா?

டிரைவரம்மா: கண்ணு தெரிஞ்சுதான்! வேணும்னே சுட்டேன். பேத்திக்கு ரெண்டு வலது கை தைச்ச மனுஷன். எண்பது எங்க எடுக்கப் போறார்? இவர் புதன்கிழமை போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் யார் முழங்கையைக் குத்தம் சொல்றது? அதான், எனக்கு இருந்த கடைசி ரெண்டையும் அவருக்குப் போட்டேன்.

டெய்லர்: நீங்களா? எனக்கா?

டிரைவரம்மா: ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கோவமா?

டெய்லர்: கோவம் இல்ல... சிரிப்பு வருது. என்னால நிறுத்த முடியல. என் கடைசி ரெண்டும் உங்க அட்டையில இருக்கு.

டிரைவரம்மா: என்னது!

டெய்லர்: உப்பு டீ குடிக்கிறவங்க. எனக்காவது ஸ்டேஷன் விளக்கு மாதிரி ஏதோ தெரிஞ்சுது, நீங்க "வட்டம் சுத்தமா கரைஞ்சு போச்சு"ன்னு சொன்னீங்க. நீங்க தோத்துட்டா எனக்கு மட்டும் என்ன ஞாயிறு?

டிரைவரம்மா: வட்டம் கரையணும்னு சொல்லிக் கொடுத்ததே நான்தானே!

டெய்லர்: அது எனக்கு மறந்து போச்சு. பயத்துல.

டிரைவரம்மா: முதுகாம், முதுகு!

டெய்லர்: உங்களுக்கும் முதுகுதானே!

வாத்தியார்: சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப கணக்குக்கு வருவோம். டிரைவரம்மா அட்டையில டெய்லர் போட்டது ஒரு பத்து, ஒரு ஒன்பது. பத்தொன்பது. டெய்லர் அட்டையில டிரைவரம்மா போட்டது ரெண்டு ஒன்பது. பதினெட்டு. அடுத்தவங்க குண்டைக் கழிச்சா ரெண்டு பேருக்கும் அறுபத்துமூணு.

டெய்லர்: அறுபத்துமூணா...

வாத்தியார்: இருங்க. அவங்கவங்க குண்டை அவங்கவங்க அட்டையிலயே போட்டிருந்தா? அறுபத்துமூணும் பதினெட்டும் எண்பத்தொண்ணு. அறுபத்துமூணும் பத்தொன்பதும் எண்பத்திரண்டு.

டிரைவரம்மா: அப்போ...

வாத்தியார்: அப்போ ரெண்டு பேருமே பாஸ். சும்மா நேரா நின்னு சுட்டிருந்தா. பக்கத்து லேனுக்குச் சாய்ஞ்சு, முதுகை வளைச்சு, ஒன்பதும் பத்தும் எடுக்கத் தெரியுது. நேரா சுடத்தான் பயம். என் சர்வீஸ்ல எவ்வளவோ பேரை பரீட்சையில பிடிச்சிருக்கேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் உண்டு. பக்கத்துப் பையன் பேப்பர்ல போய் எழுதிட்டு வந்தவங்களை இப்பதான் பார்க்குறேன்.

டெய்லர்: அப்போ பாஸ் போட்டுடுங்க.

வாத்தியார்: அது முடியாது. விதிப்படி அடுத்த லேன்ல சுட்டது செல்லாது. ஆனா மத்தியானத்துக்குள்ள இன்னொரு தடவை சுட இடம் இருக்கு. டிரைவரம்மா ஒண்ணாம் லேன். டெய்லர் ஒன்பதாம் லேன்.

டிரைவரம்மா: அவ்வளவு தூரமா!

வாத்தியார்: அவ்வளவு தூரம்தான்.

*

டெய்லர்: சம்பந்தியம்மா! அங்க இருக்கீங்களா?

டிரைவரம்மா: எங்க போகப் போறேன்? நான் சுட்டு முடிச்சாச்சு. உங்களுக்கு?

டெய்லர்: ஒம்பது போச்சு. ஒண்ணு இருக்கு. அது போக மாட்டேங்குது. நாலு தடவை ஏத்தி இறக்கிட்டேன்.

வாத்தியார்: பேசக் கூடாது.

டிரைவரம்மா: நான் சுட்டு முடிச்சுட்டேன் வாத்தியாரே. இப்ப நான் வெறும் பொதுஜனம். சம்பந்தி, இங்க பைனாகுலர் இருக்கு. உங்க அட்டையைப் பார்த்துட்டேன்.

டெய்லர்: சொல்லாதீங்க! இல்ல... சொல்லுங்க. எவ்வளவு?

டிரைவரம்மா: எண்பத்தொண்ணு. தாண்டியாச்சு. கடைசிக் குண்டு சும்மா, ஆசைக்குச் சுடுங்க.

டெய்லர்: ஒம்பது குண்டுல எண்பத்தொண்ணா? அப்போ ஒவ்வொண்ணும் ஒன்பதா?

டிரைவரம்மா: ஆமா.

டெய்லர்: நான் அவ்வளவு நல்லா சுடுறவனா?

டிரைவரம்மா: இன்னிக்கு அப்படித்தான்.

டெய்லர்: ...சரி.

டிரைவரம்மா: முள்ளைப் பாருங்க, சம்பந்தி. விளக்கைப் பார்க்க ஸ்டேஷன்ல இறங்கிடாதீங்க. முள்ளு மட்டும்.

டெய்லர்: முள்ளு... முள்ளு... போச்சு.

டிரைவரம்மா: ஒன்பது! ஒன்பது சம்பந்தி! வட்டத்துக்குள்ள கோட்டைத் தொட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு!

டெய்லர்: ஏன் இப்படிக் கத்தறீங்க? ஏற்கனவே தாண்டியாச்சுன்னு சொன்னீங்களே?

டிரைவரம்மா: எழுபத்திரண்டுதான் இருந்துச்சு. எட்டு வேணும். எட்டுக்குக் குறைஞ்சா புதன்.

டெய்லர்: தெரியும்.

டிரைவரம்மா: தெரியுமா?

டெய்லர்: இருபத்திரண்டு வருஷத்துல நான் நல்லா சுடுறேன்னு நீங்க ஒரு நாளாவது சொன்னதுண்டா? "இன்னிக்கு அப்படித்தான்"னீங்களே, அப்பவே பொய்னு தெரிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பொய் நல்லா இருந்துச்சு. கை தானா நின்னுடுச்சு.

வாத்தியார்: பெட்டியைக் கொடுங்க. ரெண்டு பேரும் இங்கயே இருங்க.

டிரைவரம்மா: மறுபடியும் உள்ளயா? இங்கயே எண்ணுங்களேன்!

வாத்தியார்: என் ரூம்ல மேஜை இருக்கு.

டெய்லர்: இங்கயும் மேஜை இருக்கு.

வாத்தியார்: அது ஆடும்.

*

டிரைவரம்மா: பத்து நிமிஷமாச்சு. டீ ஆறிடும். கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துடுவோமா?

டெய்லர்: வரக் கூடாதுன்னாரே.

டிரைவரம்மா: டீக்கு விதி கிடையாது. கதவைத் தள்ளுங்க... வாத்தியாரே, இந்தாங்க, டீ... ஐயய்யோ. என்ன பண்றீங்க?

வாத்தியார்: கதவைத் தட்ட மாட்டீங்களா?

டெய்லர்: கையில என்ன, ஸ்வெட்டர் பின்னுற ஊசியா?

வாத்தியார்: வெச்சுட்டுப் போங்க. டீயை அங்க வைங்க. அங்க.

டிரைவரம்மா: கண்ணை மூடிக்கிட்டு அட்டையைத் தடவுறீங்க... ஓட்டைக்குள்ள ஊசியை விடுறீங்க...

வாத்தியார்: ...முதல்ல மார்க்கைக் கேளுங்க. டிரைவரம்மா எண்பத்துநாலு. டெய்லர் எண்பத்தொண்ணு. இருபது ஓட்டையும் நேர். ஞாயிறு உறுதி. ஜோடிப் போட்டிக்கு உங்க பேரு போகுது. சந்தோஷமா? கதவைச் சாத்திட்டுப் போங்க.

டிரைவரம்மா: சந்தோஷம்தான். ஆனா போக மாட்டோம்.

டெய்லர்: அந்த நாற்காலியை இப்படிப் போடுங்க சம்பந்தியம்மா. வாத்தியாரே, இருபத்திரண்டு வருஷமா பின் அட்டையை யாரும் தொட்டதில்ல. முன் அட்டையைப் பார்ப்பீங்க, பத்து ஓட்டை எண்ணுவீங்க, கையெழுத்துப் போடுவீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி பின் அட்டை ஞாபகம் வந்துச்சு?

டிரைவரம்மா: தொண்டை இப்ப எப்படி இருக்கு வாத்தியாரே? விதிமுறைத் தாளைக் கொண்டு வரட்டுமா?

வாத்தியார்: ...யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

டெய்லர்: பேத்தி தவிர யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.

வாத்தியார்: பத்து மீட்டர்ல ஈ உட்கார்ந்தா சொல்லிடுவேன். உங்க விரல் விசையில இருக்கா இல்லையான்னு கதவோரமா நின்னே சொல்லுவேன். ஆனா கிட்டத்துல... ஒரு வருஷமா மேஜைமேல இருக்கிற எதுவும் எனக்குச் சொந்தமில்ல. எல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு. மூக்குல கண்ணாடி ஏறினதில்லன்னு ஊர் பூராவும் சொல்லிட்டு எப்படிப் போய் வாங்குறது?

டிரைவரம்மா: குச்சி என்கிட்ட இருக்கு. ஆனா உங்களுக்குச் சின்னக் குச்சி போதும். நாளைக்குக் காலையில மருமக கடை திறக்குது, மூணு பேரும் போறோம்.

டெய்லர்: அதுவரைக்கும், இந்தாங்க. என் ஓட்டை டேப் கண்ணாடி. போடுங்க. டேப் ஒட்டின கண்ணால பாருங்க, இன்னொண்ணை மூடிக்கங்க.

வாத்தியார்: இதுவா... இந்தச் சின்ன ஓட்டையிலயா... அட. அட! எழுத்து தெரியுது. அட்டையில கோடு தெரியுது. இது என் கையெழுத்தா? இவ்வளவு கேவலமாவா இருக்கு?

டிரைவரம்மா: எப்பவுமே அப்படித்தான். சரி, கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. அந்த ஊசி எதுக்கு?

வாத்தியார்: ஓட்டை தெரியல, அதான் விரலால தடவித் தேடுறது. அட்டையில வட்டக் கோடெல்லாம் புடைச்சிருக்கும், மார்க்கும் விரலுக்கே தெரிஞ்சிடும். தடவின ஓட்டையையே திரும்பத் தடவி ரெண்டு தடவை எண்ணிடக் கூடாதேன்னு ஒவ்வொண்ணுலயும் ஊசியைச் சொருகிப் பார்க்குறது. முன் ஓட்டையில விட்டா பின் ஓட்டை வழியா நேரா வெளிய வரும். ஒரு வருஷமா அப்படித்தான் வந்துச்சு. இன்னிக்குக் காலையில நாலு தடவை ஊசி பின் அட்டையில முட்டிக்கிட்டு நின்னுடுச்சு... எனக்கு மட்டும் கண்ணு நல்லா தெரிஞ்சிருந்தா, முன் அட்டையை ஒரு பார்வை பார்த்துட்டு, அப்பவே ரெண்டு பேருக்கும் பாஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.